சிகிச்சை முடிந்தபின் நடை: தம்பதியருக்கு ஒரு குடும்ப நலப் பாடம்



இந்தப் பாடத்தை இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். ஒருவருக்கு எழுத்துக் கூட்ட வராவிட்டால் மற்றவர் வாய்விட்டுப் படித்துச் சொல்லலாம். பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. புற்றுநோய் என்ற பேச்சை நம் ஜனங்கள் காதோடு காதாகத்தான் பேசுகிறார்கள். இந்தத் தாளை உரக்கப் படிப்பதே ஒரு வேலைதான்.

எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் ஒரு வீடு. இது இன்னார் வீடு என்று தேடவேண்டாம். பல வீடுகளில் நடப்பதைப் பாடத்துக்காக ஒரு வீடாக வைத்துச் சொல்கிறோம். கணவர் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். மனைவி கூடையில் மீன் எடுத்து விற்கிறவர். அந்தத் தாய்க்கு மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் ஆகி, கீமோ ஊசி போட்டு, கரண்டும் வைத்து எட்டு மாதம் ஆகிவிட்டது. டாக்டர், "இனிமே செக்கப்புக்கு மட்டும் வந்தா போதும்மா" என்று சொல்லி அனுப்பினார். தலைமுடி திரும்ப முளைத்துவிட்டது. ஒரு நாள் வலை பின்னிக்கொண்டிருந்த கணவரிடம் அவர் பேச்சை எடுத்தார்.

"மாமா, எங்கூட ஆசுபத்திரில இருந்தவங்க எல்லாம் சேர்ந்து நடக்கப் போறாங்களாம். நடந்து காசு சேர்த்து, நோயாளிங்களுக்குக் குடுக்கப் போறாங்களாம். நானும் போவட்டா?"

"இன்னா பேச்சு இது? வீட்டு வாசப்படி தாண்டி வந்து எட்டு மாசம் ஆவல. ஊரு பூரா உண்டி குலுக்கினு போய், எனக்குப் புத்துநோய் வந்துச்சுன்னு நீயே சொல்லிக்கப் போறியா? நாளைக்குப் பொண்ணுக்கு மாப்ள பாக்கணும்."

"சொன்னா இன்னா மாமா? கரண்டு வைக்கறப்போ எனக்கு முன்னாடி ஒரு ஆயா வரும். பொன்னேரிக்கு அந்தாண்ட இருந்து வரும். பத்து நாள் வந்துச்சு. அப்புறம் வரவே இல்ல. பஸ்ஸுக்குக் காசு இல்லியாம். கூட வர்றதுக்கும் ஆள் இல்லியாம். அது மூஞ்சிதான் எனக்கு ராத்திரில வருது."

கணவர் பதில் சொல்லவில்லை, வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனத்தில் இருந்தது இரண்டு. ஒன்று, இவள் உடம்பு தாங்குமா என்ற பயம். இன்னொன்று, ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சம். முதல் பயம் நியாயமானது. அதை எப்படித் தீர்ப்பது என்று கீழே சொல்கிறோம். இரண்டாவதைத் தீர்க்க எந்த டாக்டரிடமும் மருந்து இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் திட்டமாகச் சொல்லலாம். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி வியாதி அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும், தம்பதியர் கூடி வாழ்ந்தாலும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அது வராது. தாய்க்கு வந்தால் மகளுக்கும் கட்டாயம் வரும் என்பதும் சரியல்ல. சில குடும்பங்களில் பரம்பரையாக வர வாய்ப்பு உண்டு. பெரும்பாலான மார்புப் புற்று அப்படி வருவதல்ல.

பஸ் காசு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

"கவர்மெண்டுதான் இன்சூரன்ஸ் குடுக்குதே, அப்புறம் எதுக்கு வசூல்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்க்கான ஆபரேஷன், கீமோ, கரண்டு மூன்றும் சேரும். அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் வைத்தியம் நடக்கிறது. சென்னையில் இராயப்பேட்டை அரசு மருத்துவமனை, காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் 1969-ல் ஏற்பட்ட அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை ஆகியவற்றைப் பலர் அறிவீர்கள்.

ஆனால் கரண்டு வைப்பது ஒரு நாள் வேலை அல்ல. வாரத்தில் ஐந்து நாள் வீதம் மூன்று முதல் ஐந்து, ஆறு வாரம் வரை தினமும் போகவேண்டும். பழவேற்காட்டிலிருந்தோ மீஞ்சூரிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ அடையாறுக்குப் போய் வருவதற்குள் ஒரு பகல் போய்விடும். நோயாளிக்குக் கூலி போச்சு, துணைக்குப் போகிறவருக்கும் கூலி போச்சு. மத்தியானச் சாப்பாடு, டீ, வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று இந்தச் செலவெல்லாம் எந்தக் காப்பீட்டு அட்டையிலும் வராது. பாதியில் நிறுத்தினால், வைத்த கரண்டும் முழுப் பலன் தராமல் போகும். அந்த ஆயாவுக்கு நேர்ந்தது இதுதான். தர்ம ஸ்தாபனங்கள் கை கொடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். (சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் டிக்கெட்டில் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கென்று உள்ள படிவத்தில் டாக்டரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். பலர் இதைக் கேட்பதே இல்லை.)

ஒரு தங்கையின் பெயரால்

ஜனங்களிடம் காசு சேர்த்துப் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்வது நம் ஊருக்குப் புதிதல்ல. புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை, மகப்பேறு உதவித் திட்டத்தின் பெயரால் கர்ப்பிணித் தாய்மார் எல்லோரும் அறிவீர்கள். அவருடைய தங்கை சுந்தராம்பாள் 1923-ல் புற்றுநோயால் மாண்டார். தானே டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியாமற்போன துக்கம் அவரை விடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் ஊர் ஊராக ஆதரவு திரட்டினார். 1952-ல் அடையாற்றில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி தொடங்கியது. தங்கை போனதிலிருந்து கணக்குப் பார்த்தால் 31 வருஷம்! மறு வருஷம் அங்கே வேலைக்குச் சேர்ந்த இளம் டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் காலமாகும்வரை அந்த வளாகத்தைவிட்டுப் போகவில்லை. 2005-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

நம் பக்கத்திலேயே இன்னொன்று. மணலியை அடுத்த மாத்தூரில் ஜீவோதயா என்ற இல்லம் இருக்கிறது. 1990-ல் டாக்டர் மஞ்சுளா கிருஷ்ணசுவாமி தொடங்கியது. வைத்தியத்தால் இனி நோயைக் குணப்படுத்த முடியாது என்ற நிலையில் உள்ள புற்றுநோயாளிகளை வைத்து, வலி தெரியாமல், புண்ணைச் சுத்தம் செய்து, காசு வாங்காமல் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இடம். "கை விட்டுட்டாங்க" என்று நாம் சொல்லும் நிலையில் கை கொடுக்கிறவர்கள். இப்படிப்பட்ட இல்லங்கள் நடப்பது ஜனங்கள் கொடுக்கும் பத்தும் நூறும் சேர்ந்துதான்.

நடந்து காசு சேர்த்தவர்கள்

கனடா தேசத்தில் டெரி ஃபாக்ஸ் என்று ஒரு பையன் இருந்தான். 1958-ல் பிறந்தவன். பதினெட்டு வயதில், 1977-ல், முழங்கால் எலும்பில் புற்று வந்து வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கீமோ ஊசிக்காக ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தன்னைவிடச் சின்னக் குழந்தைகள் துடிப்பதைப் பார்த்தான். எண்ணூர்த் தாய்க்கு ஆயாவின் முகம் வந்ததுபோல அவனுக்கு அந்தக் குழந்தைகளின் முகம். பொய்க்கால் கட்டிக்கொண்டு 1980 ஏப்ரல் 12-ம் தேதி கனடாவின் கிழக்குக் கடற்கரையிலிருந்து ஓட ஆரம்பித்தான். ஒரு நாளைக்குச் சுமார் 42 கிலோமீட்டர். தேசத்தில் ஓர் ஆளுக்கு ஒரு டாலர் வீதம் ஆராய்ச்சிக்குச் சேர்க்கவேண்டும் என்பது அவன் கணக்கு. கம்பெனி விளம்பரம் எதையும் தன் பேரில் ஒட்டிக்கொள்ள அவன் சம்மதிக்கவில்லை. 143 நாள் ஓடி, 5,373 கிலோமீட்டர் கடந்தபோது இருமலும் நெஞ்சு வலியும் வந்து நின்றான். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 பிப்ரவரிக்குள் அவன் நினைத்தபடியே ஆளுக்கு ஒரு டாலர், அதாவது 2 கோடியே 41 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. அந்த வருஷம் ஜூன் 28-ம் தேதி, 23 வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது இறந்தான். அவன் பெயரால் பல தேசங்களில் நடக்கும் ஓட்டங்களில் இதுவரை 85 கோடி கனடா டாலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது. நம் சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்திலும் அந்த ஓட்டம் நடந்திருக்கிறது.

இந்தக் கதையைக் கேட்டுக் கண்ணீர் விடுவது இயல்பு. ஆனால் சுகாதார ஊழியர் என்ற முறையில் ஒன்று சொல்லியாகவேண்டும். தினம் 42 கிலோமீட்டர் என்பது சிகிச்சை முடிந்த யாருக்கும் நாங்கள் சொல்லும் அளவு அல்ல. ஒரு தடவை ஐந்து கிலோமீட்டர், அதுவும் பழகியபின், போதும். நெஞ்சு வலித்தால் அன்றே டாக்டரிடம் போகவேண்டும்.

டில்லியில் உள்ள கேன்சப்போர்ட் என்ற ஸ்தாபனத்தின் கதை நமக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. கனடாவில் படிக்கப் போன இடத்தில் நிணநீர்ப் புற்று வந்து, வைத்தியம் செய்துகொண்டு பிழைத்துத் திரும்பிய ஹர்மாலா குப்தா என்ற அம்மையார் 1996-ல் அதைத் தொடங்கினார். நோயாளியின் வீட்டுக்கே டாக்டரும் நர்ஸும் போய் இலவசமாகப் பார்க்கிறார்கள். அவர்கள் பிப்ரவரி மாதங்களில் நடத்தும் நடைப் பயணத்தில் நோய் வந்து பிழைத்தவர்கள், குடும்பத்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து நடக்கிறார்கள். ஓட்டமும் இல்லை, பந்தயமும் இல்லை.

உடம்பு தாங்குமா?

கணவரின் முதல் பயத்துக்கு வருவோம். நம் வீடுகளில், "ஆபரேஷன் பண்ண உடம்பு, அசையாதே, படு" என்று சொல்வதுதான் பாசம் என்று நினைக்கிறோம். மாமியார் சொல்வார், அம்மா சொல்வார், எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான். ஆனால் படுத்தே கிடந்தால் சதை கரையும், மூச்சு குறையும், மலம் கட்டும், மனசு இருண்டுபோகும். கீமோவுக்குப் பிறகு பல மாதம் விடாமல் இருக்கும் அந்த அசதி, தூங்கினாலும் தீராது. அதற்கு இதுவரை கண்ட வழிகளில் நல்லது மிதமான நடைதான். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம் நடந்தாலே அசதியும் மனச்சோர்வும் குறைகின்றன என்று வல்லுநர்கள் 2019-ல் கூடி முடிவு சொல்லியிருக்கிறார்கள்.

2025-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கும் மேலே போகிறது. பெருங்குடல் புற்றுக்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் புத்தகத்தில் புத்திமதி. இன்னொரு பிரிவுக்கு ஆள் வைத்து மூன்று வருஷம் உடற்பயிற்சி. பலருக்கு அது வெறும் வேகநடைதான். எட்டு வருஷம் கழித்துப் பார்த்தால், புத்திமதி பெற்றவர்களில் நூற்றுக்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். பயிற்சி செய்தவர்களில் 90 பேர். இது அந்த ஒரு வகைப் புற்றுக்குக் கண்ட முடிவு. எல்லா வகைக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லக்கூடாது. நடை மருந்துக்குப் பதிலும் அல்ல. மாத்திரை எழுதியிருந்தால் மாத்திரையும் வேண்டும், நடையும் வேண்டும்.

எப்படித் தொடங்குவது? முதலில் சிகிச்சை செய்த டாக்டரிடம், "நடக்கலாமா, எவ்வளவு நடக்கலாம்?" என்று கேட்டுவிடுங்கள். எலும்பில் நோய் உள்ளவர், ரத்தம் மிகக் குறைந்தவர், இருதயத்தில் கோளாறு உள்ளவர் கேட்காமல் தொடங்கக்கூடாது. சிவப்பு நிறத்தில் ஏற்றும் ஒரு கீமோ மருந்தும், இடது மார்பில் வைத்த கரண்டும் சிலருக்கு இருதயத்தைத் தொடும். அப்படிப்பட்டவர் கட்டாயம் கேட்கவேண்டும்.

முதல் வாரம் பத்து நிமிஷம் போதும். வீட்டிலிருந்து தெருமுனை வரை போய் வரலாம். ஒவ்வொரு வாரமும் மூன்று, நான்கு நிமிஷம் கூட்டுங்கள். எட்டு வாரத்தில் அரை மணி நேரம் வந்துவிடும். அதற்கு மேல் இன்னும் பத்து வாரம் அப்படியே கூட்டிப் போனால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். ஐந்து கிலோமீட்டர் கைக்கு வரும். ஆக, பிப்ரவரியில் நடக்கவேண்டுமானால் ஆயுத பூஜைக்கு முன்பே தொடங்கவேண்டும். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். பேசவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். ஒரு வாரம் முடியாமல் போனால் குற்றமில்லை, பழைய அளவிலிருந்து திரும்பத் தொடங்கலாம்.

எண்ணூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ்பிரஸ் ரோட்டில் நடக்காதீர்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் ரோடு அது. புழுதியும் புகையும் போதாதென்று உயிருக்கே ஆபத்து. குப்பத்து உள்தெருக்கள் நல்லவை. கடற்கரையில் நடப்பதானால் காய்ந்த மணலில் கால் புதையும், இரட்டிப்பு வேலை. அலை நனைத்த இறுகிய மணலில் நடங்கள். காற்றில் புகை நாற்றமோ கண் எரிச்சலோ தெரிந்தால் அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே நடங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பத்து ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். "இந்தப் புகையாலதான் எனக்கு வந்துச்சா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். காற்று மாசு புற்றுநோய்க்கு ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு 2013-லேயே அறிவித்தது. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு இதனால்தான் வந்தது என்று எந்த டாக்டராலும் கை வைத்துச் சொல்ல முடியாது. கேள்வி மட்டும் நியாயமானது.

கீமோவுக்குப் பிறகு சிலருக்குப் பாதம் மரத்துப்போகும். கல் குத்தினாலும் தெரியாது. அவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. பின்பக்கம் வார் உள்ள செருப்போ கேன்வாஸ் பூட்ஸோ போட்டு, திரும்பி வந்ததும் பாதத்தைப் பார்க்கவேண்டும். குனிந்து பார்க்க முடியாதவர்களுக்குக் கணவர் பார்த்துச் சொல்லலாம். மார்பில் ஆபரேஷன் ஆனவர் அந்தப் பக்கத்துக் கையை வீசி நடக்கலாம், நல்லது. கை வீங்கினாலோ கனமாகத் தெரிந்தாலோ உடனே காட்டவேண்டும். மீன் கூடையை எடுத்த எடுப்பில் தூக்கவேண்டாம். சிறு சுமையிலிருந்து மெல்ல மெல்லப் பழக்குங்கள். அந்தக் கையில் அரிவாள்மனைக் காயம், மீன் முள் குத்து படாமல் பார்த்துக்கொள்வது மிகவும் முக்கியம். கரண்டு வைத்த இடத்தில் வெயில் படக்கூடாது. பருத்தித் துணி போதும்.

நடக்கக்கூடாத நாட்களும் உண்டு. காய்ச்சல் 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் நடையும் இல்லை, கைவைத்தியமும் இல்லை. கீமோ நடந்துகொண்டிருக்கும் காலமானால் ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிதான். நெஞ்சு வலி, தலை சுற்றல், ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலிப்பது, புதிதாக முதுகெலும்பில் வலி, இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

காசு விஷயம்

நல்ல காரியம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். ஆகவே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறோம்.

எந்த ஸ்தாபனத்துக்குச் சேர்க்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது பதிவு செய்ததா, ரசீது கொடுக்குமா, நீங்கள் நேரில் போய்ப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டே வாருங்கள். நல்ல இடம் எதுவும் பார்க்க வருகிறவர்களை விரட்டாது. நடை நடத்துகிறவர்களின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் யாரும் உண்டியலைத் தெருவில் எடுக்கக்கூடாது. உண்டியல் பூட்டி முத்திரை வைத்ததாக இருக்கட்டும். மூன்று பேர் முன்னிலையில் எண்ணி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, அன்றைக்கோ மறுநாளோ பாங்கியில் கட்டிவிடவேண்டும். இப்போது போனில் காசு அனுப்புகிறவர்கள் அதிகம். அதற்கு வைக்கும் படம் ஸ்தாபனத்தின் சொந்தக் கணக்காக இருக்கவேண்டும். "என் நம்பருக்குப் போடுங்க, நான் சேர்த்துக் குடுத்துடறேன்" என்பது எவ்வளவு நல்லவர் சொன்னாலும் வேண்டாம். பின்னால் அவர் பேர்தான் கெடும். வந்த தொகை இவ்வளவு, கட்டிய தொகை இவ்வளவு என்று ஒரு வாரத்துக்குள் பஞ்சாயத்துப் பலகையில் எழுதி ஒட்டுங்கள்.

பனியன் அடிப்பது, பேனர் கட்டுவது, மேளம் வைப்பது இதற்கெல்லாம் வசூல் காசில் கை வைக்கக்கூடாது. தலைவர் படம் போட்ட பேனர் இல்லாமல் நம் ஊரில் எதுவும் நடக்காது என்பது தெரிந்ததுதான். செலவை அந்தத் தலைவரே ஏற்கட்டும்.

யாரையும் வற்புறுத்தவும் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் கடலோர வீடுகளில் அரிசிப் பானையே யோசனை. அப்போது வசூலுக்குப் போகாதீர்கள். வெயிலும் நடைக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையும் சரிப்படாது. தை பிறந்தபின், பிப்ரவரி 4-ம் தேதி உலகப் புற்றுநோய் நாளை ஒட்டி வைத்தால் காலையில் குளுமையும் இருக்கும், கையில் கொஞ்சம் காசும் இருக்கும்.

கணக்குப் பாருங்கள். நாற்பது பேர் நடக்கிறார்கள். ஒவ்வொருவரும் பத்து வீட்டில் பத்துப் பத்து ரூபாய் கேட்டால் நாலாயிரம் ரூபாய். பெரிய தொகை அல்ல. ஆனால் ஓர் ஆயா பாக்கி இருக்கும் கரண்டு முழுவதையும் வைத்து முடிக்கப் போதும். கடன் வாங்கியோ, மூக்குத்தியை அடகு வைத்தோ தர்மம் செய்யவேண்டாம். சிகிச்சைக் கடனே பாக்கி இருக்கும் குடும்பம் காசு கொடுக்காமல் கூட நடந்தால் போதும்.

இன்னொன்று. நோயாளியின் போட்டோவை, அதிலும் முடி கொட்டிய தலையோடு உள்ள போட்டோவை, அவர் சம்மதம் இல்லாமல் நோட்டீஸில் போடக்கூடாது. தனக்கு நோய் வந்ததைச் சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம். நடப்பவர் எல்லோரும் "நான் பிழைத்தவள்" என்று அட்டை மாட்டிக்கொள்ளவேண்டிய கட்டாயம் இல்லை.

தம்பதியர் தனியாகப் பேசவேண்டியது

குடும்ப நலத் துறையின் தாள் ஆனதால் இதையும் எழுதுகிறோம். மார்புப் புற்று வந்த தாய்மார் கர்ப்பத்தடை மாத்திரையோ, மூன்று மாத ஊசியோ உபயோகிக்கக்கூடாது. அவற்றில் ஹார்மோன் இருக்கிறது. காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம், அதில் ஹார்மோன் இல்லை. ஆணுறையும் சரி. குடும்பம் பூர்த்தியாகிவிட்டதென்றால் கணவர் தழும்பில்லாக் கருத்தடை செய்துகொள்வது எல்லாவற்றிலும் சுலபம். இத்தனை கத்தி பட்ட மனைவியை இன்னொரு ஆபரேஷனுக்கு ஏன் அனுப்பவேண்டும்? டமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக்கூடாது. அந்த மாத்திரையை ஐந்து வருஷம், சிலர் பத்து வருஷம் வரை சாப்பிடவேண்டியிருக்கும். குழந்தை வேண்டும் என்ற ஆசை இருந்தால், தானாக மாத்திரையை நிறுத்தாமல், டாக்டரிடம் இருவரும் போய்ப் பேசுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு மனைவி கணவருக்கு முதுகு காட்டி உடுத்திக்கொள்வார். கணவர், வலிக்குமோ என்று தொடவே பயப்படுவார். அவர் வெறுத்துவிட்டார் என்று இவர் நினைப்பார். இப்படியே ஒரு வருஷம் போய்விடும் வீடுகள் உண்டு. வீட்டில் பேச முடியாததை நடக்கும்போது பேச முடிகிறது என்று பல தம்பதியர் எங்கள் நர்ஸம்மாக்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டியதில்லை அல்லவா.

கூட நடக்கும் மற்ற தாய்மாரும் ஒரு காரியம் செய்யலாம். முப்பது வயது ஆனவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் மார்புப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம், காசு இல்லை. கணவர்மாரும் வாயைத் திறந்து காட்டவேண்டும். குட்காவும் பான் மசாலாவும் 2013 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. இருந்தாலும் படகுத்துறையில் யார் இடுப்பில் பொட்டலம் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஆறாத வாய்ப்புண், வெள்ளைத் திட்டு, வாய் முழுக்கத் திறக்க முடியாமை இருந்தால் மூன்று வாரத்துக்கு மேல் காத்திராதீர்கள்.

எண்ணூர் வீட்டுக்குத் திரும்புவோம். அன்று ராத்திரி கணவர் எதுவும் பேசவில்லை. மறுநாள் செக்கப் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வா, டாக்டராண்டயே கேட்டுடலாம்" என்றார். டாக்டர் கேட்டுவிட்டு, ரத்தம் பார்த்து, இருதயத்தையும் பார்த்து, "பத்து நிமிஷத்துல ஆரம்பிங்க. ஒரே நாள்ல திருவொற்றியூர் போய்டாதீங்க" என்றார்.

முதல் நாள் காலை ஐந்தரை மணிக்கு இருவரும் கிளம்பினார்கள். தெருமுனையில் மீன் வாங்க நின்ற பெண் ஒருத்தி, "இன்னாக்கா, காலங்காத்தால எங்க?" என்று கேட்டாள்.

மனைவி பதில் சொல்வதற்குள் கணவர் சொன்னார்: "நடக்கத்தான். அக்காவுக்கு உடம்பு சரியாய்டுச்சு. தை மாசம் வசூலுக்கு வருவோம், பத்து ரூபா எடுத்து வை."